எண்பத்தெட்டு டிகிரி

லா பாஸில் தண்ணீர் அவசரக்காரி.
எண்பத்தெட்டு டிகிரியிலேயே கொதித்துவிடுவாள்.
கொதிப்போடு சரி, வேலை நடக்காது.
அரை மணி நேரம் கழித்தும் உருளைக்கிழங்கு
கத்தியோடு வழக்குப் பேசும்.

சான்டா குரூஸிலிருந்து கடிதம் வந்து பதினொரு நாள்.
புதிய ஆய்வகம், ஒன்றரை மடங்கு சம்பளம்,
திருமதி எவுலாலியா தார்க்கி
வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு ஒட்டினேன்.
பால் எடுக்கும்போதெல்லாம் வெள்ளிக்கிழமை.

என் வேலை ரத்தம் எண்ணுவது.
இருபத்திரண்டு வருடமாக நுண்ணோக்கியின் கீழ்
இந்த ஊரைத்தான் பார்க்கிறேன்.
காற்று குறைவு, ஆகவே ஆள் அதிகம் வேண்டும்;
ஒவ்வொரு துளியிலும் சிவப்பணுக்கள்
காலை ஆறரை மணி கேபிள் கார் வரிசை மாதிரி
முண்டியடித்து நிற்கும்.
என் எண் பதினேழு. இங்கே அது நல்ல ரத்தம்.
கீழே போனால் அதே பதினேழுக்கு
மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
உட்காருங்கள் என்பார்.

"உனக்கென்ன, தாராளமாகப் போ" என்றான் வில்மர்.
விவாகரத்து ஆனபின் ஆண்களுக்கு எவ்வளவு பெரிய மனசு.
பிறகு, நோயெமியை மாதம் ஒருமுறையாவது
பார்க்க முடியுமா என்று
என்னைப் பார்க்காமல்
தன் சட்டைப் பொத்தானிடம் கேட்டான்.

நோயெமிக்குப் பதினொன்று. பள்ளி அணியின் கோல்கீப்பர்.
"அங்கே காற்று கெட்டியாமே,
பந்து மெதுவாக வருமா அம்மா?"
அவளுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

போய்ப் பார்த்துவிடலாம் என்று போனேன்.
மூன்று நாள், அக்கா டெல்ஃபினா வீட்டில்.
பையைத் திறந்தால் ஷாம்பூ பாட்டில்
விலாவில் உதை வாங்கியதுபோல் நசுங்கிக் கிடந்தது.
ஒன்றுமில்லை, மேலே மூடிய காற்று
கீழே வந்ததும் ஒடுங்கியிருக்கிறது.
இதை எனக்கு நானே இரண்டு முறை விளக்கினேன்.

மாடிப்படி ஏறினேன். மூச்சு வாங்கவில்லை.
வேண்டுமென்றே இன்னொரு மாடியும் ஏறினேன்.
யாரோ என்னைக் கேட்காமல்
முதுகு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.
கொஞ்சம் கோபம்கூட வந்தது.

காலையில் தேநீர். கொதித்ததும் குடிப்பவள் நான்,
நாற்பத்தாறு வருடப் பழக்கம்.
நாக்கு வெந்துபோனது.
"இங்கே கொதி என்றால் கொதிதான்" என்று சிரித்தாள் அக்கா.
வந்த புதிதில் ஒரு மாதம் சுட்டுக்கொண்டாளாம்.
பிறகு?
"பிறகென்ன, ஊதக் கற்றுக்கொண்டேன்."

திரும்பி எல் ஆல்ட்டோவில் இறங்கினேன், நாலாயிரம் மீட்டர்.
பெட்டி வரும் இடத்துக்கு நூறடி இருக்கும்,
பாதியில் நின்றுவிட்டேன். மூச்சு கைக்கு எட்டவில்லை.
ஒரு வெளிநாட்டுக்காரர் கோகா மிட்டாய் நீட்டி
"சுற்றுலாவா?" என்று கேட்டார்.
இங்கே பிறந்தவளிடம்.

மூன்றே நாள்.
மறுநாள் ஆய்வகத்தில் யாரும் வருமுன்
என் விரலையே குத்திப் பார்த்தேன்.
பதினேழு. ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.
ரத்தம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.
அப்படியானால் காட்டிக்கொடுத்தது யார்?

பையின் அடியில், அங்கே குடித்து மூடிய
காலித் தண்ணீர் பாட்டில் பந்துபோல் உப்பியிருந்தது.
நோயெமி திருகினாள். புஸ்ஸென்றது
அந்த ஊர், எங்கள் சமையலறையில்.
மூக்கை வைத்து முகர்ந்தாள்.
"என்ன வாசனை?"
"பிளாஸ்டிக்."
இருந்தாலும் அவசரமாக மூடி வைத்தாள்.

இன்று வியாழன்.
பிரஷர் குக்கரைக் கழுவித் துடைத்தேன்.
அலமாரியில் வைக்கவில்லை, பெட்டியிலும் வைக்கவில்லை,
மேசையின் நடுவில் அது பாட்டுக்கு இருக்கிறது.
தண்ணீர் வழக்கம்போல் சீக்கிரமே கொதித்தது.
குவளையில் ஊற்றி உதட்டருகே கொண்டுபோனேன்.
அவசியமே இல்லை,
ஊதினேன்.